பென்யமினின் கோணிப்பை



காணாமற்போன பொருள் எவனுடைய பையில் அகப்படுகிறதோ அவனே கள்வன் என்று முடிவு கட்டுவது உலக வழக்கம். தொடக்க நூலிலே, யோசேப்பின் வெள்ளிக் கிண்ணம் இளையவனாகிய பென்யமினின் கோணிப்பையில் அகப்பட்டபோது, உடன்பிறந்த அண்ணன்மாரே தங்கள் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு வாயடைத்து நின்றார்கள். 'எங்கள் தம்பி எடுத்திருக்க மாட்டான்' என்று அவர்களுள் ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆனால் அக்கிண்ணத்தை அங்கு வைத்தவன் பென்யமின் அல்லன். யோசேப்பின் கட்டளைப்படி அவருடைய வீட்டு மேற்பார்வையாளனே வைத்தான். அவனே பின்தொடர்ந்து வந்து, தேடுபவன் போல் தேடி, எடுத்தும் காட்டினான். பையைத் திறந்து பார்த்தவர்களின் கண்ணுக்குக் கிண்ணம் தெரிந்தது. அது அங்கே வந்த வழி தெரியவில்லை.

இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சிறுவனின் நினைவு வருவதுண்டு. நாம் பங்குத்தந்தையாகவும் பள்ளித் தாளாளராகவும் பணியாற்றிய ஓர் ஊரில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் ஈண்டு வேண்டா. குற்றத்தில் நமக்கும் பங்குண்டாகையால் நம்மைப் பற்றி மட்டும் சொன்னாற் போதும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கல்விச் சுற்றுலாவுக்காகத் தலைக்கு 200 ரூபாய் வீதம் கொடுத்துவந்தனர். அவ்வாறு சேர்ந்த 2,400 ரூபாயை ஓர் உறையிலிட்டு, ஆசிரியர் அறையிலிருந்த மேசையின் இழுப்பறையில் வைத்திருந்தார் வகுப்பாசிரியர். ஒரு நாள் இடைவேளைக்குப் பின் பார்க்கையில் உறையைக் காணவில்லை. இடைவேளையில் தேசப்படம் எடுத்துவர அவ்வறைக்குள் சென்றவன் ஒரு மாணவன், வயது பதினான்கு, தந்தையற்றவன், தாய் கூலி வேலை செய்பவர். வகுப்பார் அனைவரும் பார்த்திருக்க அவன் பை தலைகீழாகக் கவிழ்க்கப்பட்டது. ஜியாமிதிப் பெட்டிக்குள் 150 ரூபாய் இருந்தது. பணம் ஏதென்று கேட்டதற்கு அவன் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கன்னத்தில் அறைந்தார்; அப்போதும் அவன் பேசவில்லை. தலைமையாசிரியர் நம்மிடம் வந்து, காவல் நிலையத்துக்குச் சொல்லலாமா என்று கேட்டார். நாமும் இசைந்தோம். சற்று மிரட்டினால் உண்மை வந்துவிடும், பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதே அன்று நமக்கிருந்த எண்ணம்.

சீருடையணிந்த காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பள்ளி முழுவதும் வராந்தாவில் நின்று பார்க்க, சிறுவன் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லப்பட்டான். அன்றிரவு எட்டு மணி வரை நிலையத்தின் தரையிலே அமர்த்தப்பட்டிருந்தான். எட்டு மணிக்கு, எடுத்தது தானே என்று ஒப்புக்கொண்டான். எஞ்சிய பணம் எங்கே என்று கேட்டபோது மட்டும், ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தைச் சொன்னானாம். அதைக் கேட்ட நாம், 'இச்சிறு வயதில் எத்தனை பொய்!' என்று வருந்தினோம். எடுக்காத பணத்துக்கு ஓர் இடத்தைத் தேடி அவன் தவிக்கிறான் என்பது நமக்குத் தோன்றவேயில்லை.

அவன் தாய் இரவில் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். "எடுத்திருந்தான்னா அடிங்க சாமி, நான் கேக்க மாட்டேன். எடுக்கலைன்னா, பட்ட அடியத் திருப்பி எடுக்க யாரால சாமி முடியும்?" என்றார். "பையனே ஒத்துக்கிட்டானேம்மா" என்று நாம் மறுமொழி சொன்னோம். வழக்குப் பதியாமல் விட்டது பெரிய சலுகை என்று அனைவரும் பேசிக்கொண்டனர். மறுநாள் மாற்றுச் சான்றிதழ் எழுதப்பட்டது. தாளாளர் என்ற முறையில் நாமே அதில் கையொப்பமிட்டோம்.

ஒரு மாதம் சென்றபின், கால் ஆடிய அம்மேசையைத் தச்சரிடம் கொண்டுபோனார்கள். இழுப்பறைகளைக் கழற்றியபோது உறை கிடைத்தது. நிரம்பியிருந்த இழுப்பறையை வேகமாய் மூடியதில் மேலிருந்த உறை பின்புறமாக நழுவி, மேசையின் அடிப்பலகையில் விழுந்து கிடந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தோம்; 2,400 ரூபாயும் குறைவின்றி இருந்தது. அந்த 150 ரூபாயின் வரலாறும் பிறகுதான் தெரிந்தது. தாய்க்குத் தெரியாமல் அவன் விடியற்காலையில் பேருந்து நிலையத்துப் பூக்கடையில் கூடை சுமந்திருக்கிறான். படிப்புக் கெடும் என்று தாய் அதைத் தடுத்திருந்தமையால் சொல்ல அஞ்சியிருக்கிறான். அவன் சேர்த்ததும் அதே சுற்றுலாவுக்கான கட்டணத்தைத்தான். இன்னும் 50 ரூபாய் சேரவேண்டியிருந்தது.

நாம் அவ்வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். பையனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னோம். அவன் தாய்மாமனோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டிருந்தான். "வரமாட்டான் சாமி. வந்தாலும் எந்த பெஞ்சில உக்காருவான்?" என்றார் தாய். அவன் திரும்பி வரவில்லை.

அன்பர்களே, அன்று அச்சிறுவனுக்குத் தீங்கு நினைத்தவர் எவருமில்லை. ஆசிரியர் தம் பொறுப்பிலிருந்த பணத்துக்காக அஞ்சினார். காவலர் அழைத்ததால் வந்தார். நாம் பள்ளியின் நற்பெயரை எண்ணினோம். தீய எண்ணமின்றியே ஒரு சிறுவனின் படிப்பை முடித்துவைத்தோம். அதனாலேயே இதைப்பற்றிப் பெற்றோரும் ஆசிரியரும் தெளிவாய் அறிந்திருத்தல் வேண்டும் என்று எழுதத் துணிந்தோம்.

சிறார் செய்யும் பிழையை வளர்ந்தவரின் குற்றம்போல் நோக்கலாகாது என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதியதன்று. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் முதன்முதல் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்திலேதான். 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம் அது. பின்னர் 1986-இலும் 2000-இலும் நாடு முழுமைக்குமான சட்டங்கள் வந்தன. இன்று நடைமுறையிலிருப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். இது 2016 ஜனவரி 15 முதல் செயல்படுகிறது. ஏழு வயது நிறையாத குழந்தையின் செயல் குற்றமே ஆகாது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் எனில், தன் செயலின் தன்மையை அறியும் முதிர்ச்சி அக்குழந்தைக்கு இருந்ததா என்று பார்க்கவேண்டும். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் பழைய தண்டனைச் சட்டத்தின் இவ்விதிகளை அப்படியே வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் குழந்தைகளே. குற்றமற்றவர் என்ற ஊகத்தோடே அவர்களை அணுகவேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் நெறி.

இச்சட்டம் காவல்துறைக்கு விதித்துள்ள கடமைகளைக் காண்போம். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தை நலக் காவல் அலுவலர் என ஒருவர் இருத்தல் வேண்டும். சிறுவனைப் பிடித்தால் அவரிடமோ, மாவட்டத்திலுள்ள சிறார்க்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ ஒப்படைக்க வேண்டும். அவனை நிலையத்தின் லாக்கப்பிலோ சிறையிலோ வைத்தல் ஆகாது. பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அக்குழுமம் ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளரும் அடங்கியது. அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாக இருப்பார்.

2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இன்னும் நுணுக்கமாகச் சொல்கின்றன. கைவிலங்கோ சங்கிலியோ பூட்டலாகாது. விசாரிக்கும் அலுவலர் சீருடையின்றி இயல்பான உடையில் இருத்தல் வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு வற்புறுத்தலாகாது. எந்த வாக்குமூலத்திலும் சிறுவனிடம் கையொப்பம் வாங்கலாகாது. குறைந்தது ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றம், அல்லது வளர்ந்தவரோடு கூடிச் செய்த குற்றம் என்பன தவிர, மற்றவற்றில் முதல் தகவல் அறிக்கையே பதியவேண்டியதில்லை. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, சிறுவனின் குடும்பச் சூழல் பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பினாற் போதும். மோட்டார் சைக்கிளில் ஏற்றப்பட்ட அச்சிறுவனை எண்ணிக்கொண்டு இவ்விதிகளை வாசிக்கும்போது, ஒவ்வொரு வரியும் நம்மை நோக்கியே எழுதப்பட்டதுபோல் தோன்றுகிறது.

'ஒப்புக்கொண்டானே' என்பது நாம் அன்று பற்றிக்கொண்ட சாக்கு. ஆனால் அச்சமுற்ற சிறுவனுக்கு அந்த அறையை விட்டு வெளியேறுவதொன்றே குறி. அதற்காக அவன் எதையும் ஒப்புக்கொள்வான். நாளை என்னாகும் என்று எண்ணிப் பார்க்கும் பக்குவம் அவ்வயதில் இராது. 1989-இல் நியூயார்க் நகரப் பூங்கா ஒன்றில் ஒரு பெண் கொடுமையாகத் தாக்கப்பட்ட வழக்கில், 14 முதல் 16 வயது வரையிலான ஐந்து சிறுவர்கள் பிடிக்கப்பட்டனர். மணிக்கணக்கில் நடந்த விசாரணையின் பின் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலங்கள் பெறப்பட்டன. 1990-இல் ஐவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2002-இல் வேறொருவன் தானே அதைச் செய்ததாகக் கூற, மரபணுச் சோதனையும் அதை உறுதிப்படுத்த, ஐவர் மீதிருந்த தீர்ப்பும் நீக்கப்பட்டது. அதற்குள் அவர்களுடைய இளமை சிறையில் கழிந்துவிட்டது. காவலரிடம் செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை வளர்ந்தவர் வழக்கிலேயே நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் குற்றத்துக்குச் சான்றாக ஏற்பதில்லை. சட்டம் ஏற்காத ஒன்றை நாம் ஏற்று, மாற்றுச் சான்றிதழும் எழுதிவிட்டோம்.

இனி, பள்ளிகள் செய்யவேண்டுவன யாவை?

முதலாவது, பொருள் காணாமற்போனால் பொருளையே முதலில் தேடுதல் வேண்டும். மேசையைத் தேடுமுன் மாணவனைத் தேடினோம் நாம். பையைச் சோதிக்கத்தான் வேண்டுமெனில், தனியறையில், ஆசிரியர் இருவர் முன்னிலையில், மாணவனின் மானம் காத்துச் செய்தல் வேண்டும். இரண்டாவது, அடித்தல் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடலை வருத்தும் தண்டனையையும் உள்ளத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மூன்றாவது, காவல் நிலையத்துக்குச் சொல்லுமுன் தாய் தந்தையரை அழைத்தல் வேண்டும். அவன் தாயை நாம் முற்பகலிலேயே அழைத்திருப்போமாயின், தனியே விட்டு மகனிடம் பேசச் செய்திருப்போமாயின், பூக்கடைச் செய்தி அரைமணி நேரத்தில் வெளிவந்திருக்கும். நான்காவது, களவு உண்மையே என்று தெளிந்தாலும், சிறு பிழைகளைப் பள்ளிக்குள்ளேயே தீர்க்கலாம். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கச் செய்தல், உரியவரிடம் மன்னிப்புக் கேட்கச் செய்தல், சிலகாலம் ஓர் ஆசிரியரின் தனிக் கவனிப்பில் வைத்தல் ஆகியவையே போதும். ஐந்தாவது, மாற்றுச் சான்றிதழைத் தண்டனைக் கருவியாக்கலாகாது. எட்டாம் வகுப்பு முடியுமுன் எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கலாகாது என்று சட்டமே சொல்கிறது. அதன்பின்னும், பள்ளியைவிட்டு வெளியேற்றப்பட்ட சிறுவனைத் தெருதான் ஏற்றுக்கொள்ளும் என்பதை நாம் மறக்கலாகாது.

1841-இல் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றபோது அங்கே அடைபட்டிருந்த சிறுவர்களைக் கண்டு கலங்கினார். விடுதலையானவர்கள் சில நாளில் திரும்பவும் சிறைக்கு வருவதையும், வெளியே அவர்களுக்கு நல்லவர் துணை ஒருவர்கூட இல்லாமையே அதற்குக் காரணமென்பதையும் கண்டார். பின்னாளில் அவர் வகுத்த தடுப்பு முறைக் கல்விக்கு அச்சிறைகளே வித்திட்டன.

இங்கே வாசகர் சிலர் ஒரு வினா எழுப்புவர். 'சிறுவர் என்று விட்டுவிட்டால், அவர்களால் அடிபட்ட பிள்ளைகளின் கதி என்ன?' நியாயமான வினாவே. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தங்கள் வீட்டிலேயே அரிவாளால் வெட்டுண்டனர். வெட்டியதாகப் பிடிக்கப்பட்டவர்களும் பள்ளி மாணவரே. அதன்பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. மாணவரிடையே சாதிப் பகையை நீக்கும் வழிகளை ஆராய்ந்து அக்குழு 2024 ஜூனில் அறிக்கையளித்தது. இத்தகைய கொடுமைகளைப் 'பிள்ளைகள் சண்டை' என்று மூடிமறைப்பது வெட்டுண்டவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநீதியாகும்.

சட்டமும் மறைக்கச் சொல்லவில்லை. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின் எழுந்த விவாதத்தின் பயனாகவே, 16 வயது நிறைந்தவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும்போது அவர்தம் மனமுதிர்ச்சியைக் குழுமம் மதிப்பிட்டு, தேவையெனில் வழக்கைக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்ற விதி 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. பாலியல் குற்றமெனில், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கடமை. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. பள்ளியின் நற்பெயருக்காகவோ பங்கின் நற்பெயருக்காகவோ அதைச் சமரசம் பேசி முடித்தல் பெரும்பாவம் என்பதை நாம் தெளிவாய்ச் சொல்லிவைக்கிறோம். ஆகவே, சிறு பிழையைக் காவல் நிலையத்துக்கு இழுப்பதும் தவறு. பெருங்குற்றத்தைப் பள்ளி அறையில் புதைப்பதும் தவறு. இரண்டும் உண்மையைத் தேடச் சோம்பியதால் விளைபவையே.

பெற்றோருக்குச் சில சொற்கள். உங்கள் பிள்ளையைக் காவலர் அழைத்துச் சென்றதாகக் கேள்விப்பட்டால், ஊராரிடம் யோசனை கேட்டுக்கொண்டிராமல் உடனே நிலையத்துக்குச் செல்லுங்கள். பிறந்த தேதி காட்டும் பள்ளிச் சான்றிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வயதை நிறுவ முதலில் பார்க்கப்படுவது அதுவே. குழந்தை நலக் காவல் அலுவலர் யார் என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். காவலர் முன்னிலையில் பிள்ளையை அடித்து உங்கள் நேர்மையைக் காட்ட முயலாதீர்கள். தனக்கு எவருமில்லை என்று அவன் நம்பிவிடுவான். வழக்கறிஞருக்குப் பொருளில்லையே என்று கலங்க வேண்டா. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியே குழந்தைகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குழந்தைகளுக்கு எவ்வித இடர் நேரினும் 1098 என்ற எண் இருக்கிறது. ஜாமீனில் விடத்தக்க குற்றம், விடத்தகாத குற்றம் என்ற வேறுபாடின்றிச் சிறாரை ஜாமீனில் அனுப்புவதே பொது விதி. கெட்ட கூட்டுறவோ ஆபத்தோ நேருமென்றால், அல்லது நீதியின் நோக்கம் கெடுமென்றால் மட்டுமே குழுமம் மறுக்கலாம்.

பிள்ளை உண்மையாகவே தவறியிருந்தால் அதைப் பணங்கொடுத்து மறைக்காதீர்கள். தவறு மறைக்கப்பட்டதைக் காணும் பிள்ளை அதையே பாடமாகக் கற்கும். குழுமத்தின் முன் உண்மையைச் சொல்லவும், இழப்பை ஈடு செய்யவும் அவனுக்குத் துணை நில்லுங்கள். அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்புதல், சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு எனப் பல வழிகள் குழுமத்தின் கையில் உண்டு. சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்றாண்டுக்கு மேற்படலாகாது. சிறு வயதுப் பிழை பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாதவாறும் சட்டம் வழி செய்திருக்கிறது. கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றம் தண்டித்த பதினாறு வயது கடந்தோர்க்கே இதில் விலக்கு.

இறுதியாக நம் அனைவருக்கும் ஒன்று. இத்தகைய சிறுவனின் பெயர், முகம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இது செய்தித்தாளுக்கு மட்டுமன்று. நம் கையிலுள்ள கைப்பேசிக்கும் பொருந்தும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை 'எச்சரிக்கைக்காக' என்று பங்குக் குழுவில் பகிர்பவர் அதை எண்ணிப் பார்க்கட்டும். அன்று அச்சிறுவனைக் கண்டவர் பள்ளி வராந்தாவில் நின்றவர் மட்டுமே. இன்றாயின் ஊரே கண்டிருக்கும். உறை கிடைத்த செய்தி அத்தனை பேரையும் சென்று சேர்ந்திராது.

ஒருவனை விசாரியாமலும், அவன் செய்ததை அறியாமலும் தீர்ப்பிடுதல் தகுமோ என்று நிக்கோதேமு பரிசேயர் கூட்டத்தில் கேட்டார். அன்று அவரும் ஏளனம் செய்யப்பட்டார். ஆயினும் அவ்வாறு கேட்க ஒவ்வொரு பள்ளியிலும், ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருத்தல் வேண்டும். அன்று அப்பள்ளியில் அதைக் கேட்டிருக்க வேண்டியவர் நாம். நாம் கேட்கவில்லை, இரவில் வந்து கேட்ட தாய்க்கும் செவி கொடுக்கவில்லை.

அச்சிறுவன் இன்று நடுவயதை எட்டியிருப்பான்; ஒருவேளை பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அவனுக்கு இருக்கலாம். இனி உங்கள் பள்ளியில் ஒரு பொருள் காணாமற்போகும் நாளில், அவனுடைய பிள்ளையே அவ்வகுப்பில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதலில் மேசையின் இழுப்பறையைக் கழற்றிப் பாருங்கள்.